அம்புரோஸ் மச்சாதுவின் ஐந்து டப்பாக்கள்

மாடிப்படியில் அம்புரோஸ் மச்சாது ஏறிவரும் சத்தம் கேட்டதும் மேலே யாராவது ஒருவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். காற்றுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். திறப்பது அம்புரோஸ்மேல் அடிக்கிற வாடைக்காக. சங்கு சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் வேலை பார்க்கிறவர்மேல் பன்னீரா மணக்கும்? கடலிலிருந்து வந்த சங்கைக் குவித்துப் போட்டு, உள்ளே இருக்கிற சதை அழுகி ஒழுகுகிற வரைக்கும் விட்டுவைத்துத்தான் கழுவுவார்கள். அந்தக் குவியலுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாலும் போதும், சட்டையில் ஏறிவிடும், தலைமயிரில் ஏறிவிடும், எத்தனை சோப்புப் போட்டாலும் இறங்காது. அதை அம்புரோஸிடம் நேரே சொல்ல மாட்டார்கள். படித்தவர்கள் அல்லவா! ஜன்னலை மட்டும் திறப்பார்கள்.

அது ஓர் அச்சாபீஸின் மாடி. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அங்கே சதுரங்க மன்றம் கூடும். வக்கீல் சங்கரபாண்டியன் செயலாளர். ஜில்லாவிலேயே அவரை ஜெயிக்க ஆள் கிடையாது என்று பேச்சு. அந்தப் பேச்சை ஊருக்குள் பரப்பியவரும் அவர்தான். கல்லூரியில் கணக்கு நடத்தும் கிருபாநிதி, வெளிநாட்டு செஸ் பத்திரிகைகளைத் தபாலில் வரவழைத்துப் படிப்பவர். உப்பள முதலாளி செந்தில்வேலுக்கு ஆட்டம் சுமார்தான். ஆனால் மாடி வாடகை அவருடையது, வருகிற காபியும் அவருடையது. அதனால் அவர் தோற்றால்கூட, "அண்ணாச்சிக்கு இன்னைக்கு உடம்பு சரியில்ல போல" என்பார்கள்.

அந்த மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவன் உட்காரக் கூடாது. உறுப்பினர் ஒருவரை ஒருமுறையாவது ஜெயிக்கும்வரை நின்றுகொண்டுதான் ஆட வேண்டும். ஜெயித்த அன்று வக்கீலே தம் கையால் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவார், எல்லோரும் கை தட்டுவார்கள், அன்றிலிருந்து அவன் மெம்பர். துடுக்குத்தனமாக வருகிற காலேஜ் பையன்களின் கொட்டத்தை அடக்க யாரோ கொண்டுவந்த சட்டம். பையன்கள் ஒரு மாதத்தில் ஜெயித்து உட்கார்ந்தார்கள், இல்லையென்றால் ஓடிப்போனார்கள். அம்புரோஸ் ஜெயிக்கவும் இல்லை, ஓடவும் இல்லை. இரண்டு வருஷமாக நின்றார். ஆட்டம் பாதி வரைக்கும் நன்றாகத்தான் போகும். பிறகு சுற்றி நிற்பவர்களில் யாராவது சிரித்தால் எதற்கென்று புரியாமல் பதறி, ஏதாவது ஒரு காயைத் தவற விட்டுவிடுவார். அவருக்கு இடது காது கேட்காது.

அந்தக் காது கடலோடு போனது. அம்புரோஸ் முன்பு சங்கு குளிக்கிறவர். ஒரு சீசனில் ஆழத்தில் இறங்கியவர் காதிலும் மூக்கிலும் ரத்தம் வடிய வள்ளத்தில் ஏறினார். பாளையங்கோட்டையில் ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்தபோது பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் பொழுதுபோக்குக்குச் சொல்லிக்கொடுத்த ஆட்டம்தான் செஸ். இனிமேல் தண்ணீருக்குள் இறங்கினால் மற்ற காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கரையில் கிட்டங்கிக் கொட்டகையில் வேலை கொடுத்தார்கள். ஒரு முக்காலி, முன்னால் வட்டமாக ஓட்டை போட்ட ஒரு பலகை. குளிகாரர்கள் கொண்டுவருகிற ஒவ்வொரு சங்கையும் அந்த ஓட்டையில் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே விழுந்தால் அது சின்னது, திரும்பக் கடலுக்குத்தான். விழாமல் மேலே நின்றால் கணக்கில் சேரும். அம்புரோஸின் கை அதில் அவ்வளவு வேகம். விழுந்த சங்கை அவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்க்க ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடாதா?

எழுபத்து நாலாம் வருஷம் டீக்கடையில் கிடந்த ஒரு பத்திரிகையில் அவர் அந்தச் செய்தியைப் படித்தார். ஐரோப்பாவில் கம்ப்யூட்டர்களைத் தங்களுக்குள் சதுரங்கம் ஆட விட்டார்களாம், ருஷ்யாக்காரனுடையது ஜெயித்ததாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அந்த இயந்திரம் ஆயிரம் பல்லாயிரமாக வழிகளை அலசிப் பார்க்குமாம். அம்புரோஸுக்குச் சிரிப்பு வந்தது. அட கிறுக்குப் பயல்களா, எதற்கு எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள்? விழுகிறதை விழ விட்டுவிட்டு, நிற்கிறதை மட்டும் பார்த்தால் போதாதா?

அன்று பிடித்தது பித்து. காலி பிஸ்கட் டப்பாக்கள் ஐந்து சேர்த்தார். அட்டைப்பெட்டிகளை வெட்டிச் சீட்டுகளாக்கினார். பலகையில் ஒரு நிலை இருந்தால், ஆடக்கூடிய ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு சீட்டு. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு சட்டம். முதல் டப்பாவின் சட்டம் எளிது: நகர்த்திய காயை எதிரி தன் மலிவான காயால் உடனே வெட்ட முடியுமா? முடியும் என்றால் அந்தச் சீட்டு டப்பாவுக்குள். அதை மறுபடி எடுக்கக் கூடாது. மிச்சம் இருக்கிறது இரண்டாவது டப்பாவுக்குப் போகும், பிறகு மூன்றாவதுக்கு. ஐந்தாவதைத் தாண்டிக் கடைசியில் கையில் நிற்கும் ஒரு சீட்டுதான் ஆட வேண்டிய நகர்த்தல். இதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் கண்ணிமைக்கிற நேரத்தில் செய்துவிடும் என்று அவர் நம்பினார். வேலை விட்டு வந்ததும் சீட்டுகளோடு உட்கார்ந்துவிடுவார். மனைவி கிரேசி முதலில் சண்டை போட்டாள், பிறகு சீட்டு வெட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். பிள்ளை இல்லாத வீட்டில் அதுவாவது ஒரு வேலையாக இருந்தது.

எல்லாம் தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் வாயைத் திறந்தார்.

"ஐயா, ஒரு யோசனை இருக்கு. கம்ப்யூட்டருக்கு செஸ் சொல்லிக்கொடுக்கிற யோசனை."

சங்கரபாண்டியன் காபியைக் கீழே வைத்தார். "சொல்லும் வே. வருசத்துக்கு ஒருத்தன் வாரான். போன வருசம் ஒருத்தன் ஜாதகம் பாத்துச் சிப்பாயைத் தள்ளணும்னான். அதுக்கு முந்தின வருசம் ஒருத்தன் வெள்ளைக்குத் தோல்வியே வராத வழி கண்டுபிடிச்சிருக்கேன்னு வந்து என்கிட்ட பதினோரு ஆட்டம் தோத்தான். உம்ம சரக்கு என்ன?"

அம்புரோஸ் டப்பாக்களை வரிசையாக வைத்து விளக்கினார். தட்டுத்தடுமாறித்தான் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னார். பிறகு வக்கீல் வாயைத் திறந்தார்.

"குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டுறவனைப் பாத்திருக்கேன். பிஸ்கட் டப்பாக்குள்ள குதிரை ஓட்டுற ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அம்புரோஸும் கூடச் சேர்ந்து சிரித்தார், பாவம். கிருபாநிதி மட்டும் சிரிக்காமல் முதல் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதுதான் அன்று அந்த அறையில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை.

"இந்த முதல் டப்பாதான் தப்பு. செஸ்ல நல்ல மூவ் பாதி, முதல் பார்வைக்கு நஷ்டமாத்தான் தெரியும். ராணியைக் கொடுத்து மேட் வைக்கிறவன் இல்லையா? அந்தச் சீட்டு இதுல விழுந்துரும். விழுந்ததை நீரு எடுக்க மாட்டீரு."

"சார், ஓட்டையில விழுந்தது சங்குல சேத்தியே இல்ல" என்றார் அம்புரோஸ். "இத்தனை வருசத்துல நான் ஒண்ணைக்கூடத் திரும்பிப் பாத்ததில்ல. ஒரு தப்பு வந்ததில்ல."

தப்பு வந்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்காதவருக்கு எப்படித் தெரியும்? கிருபாநிதி அதைக் கேட்டிருக்கலாம். பக்கத்தில் உட்கார வைத்து, இப்படி ஒரு டப்பாவை மாற்றிப் பாரும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கையை முகர்ந்து பார்த்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் இருக்கிற இடத்துலதான் என் மச்சினன் வேலை பாக்கான். உம்ம டப்பா இங்க ஒரு மெம்பரை, ஒரே ஒரு மெம்பரை ஜெயிக்கட்டும். நானே கொண்டுபோய்க் கொடுக்கேன்."

"நான் சாட்சி" என்றார் வக்கீல். "செந்தில்வேல் அண்ணாச்சி ஆடட்டும். ஆனா டப்பா சொல்லுறதைத்தான் நகர்த்தணும், கேட்டீரா? உம்ம மூளையைக் கீழ செருப்போட விட்டுட்டு வாரும். ஒரு யோசனைக்கு ஒரு ஆட்டம். தோத்தா அந்தப் பேச்சை இந்த மாடியில மறுபடி எடுக்கக் கூடாது."

அம்புரோஸுக்கு அது கேலியாகவே படவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று வீட்டுக்கு ஓடினார். "கிரேசி, டப்பா மெட்ராஸுக்குப் போகப் போவுது!"

ஓர் ஆட்டம் பல ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இழுத்தது. செந்தில்வேல் நகர்த்திவிட்டுக் காபி குடித்து, பேப்பர் படித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டு எழுந்து பார்த்தால் அம்புரோஸ் நின்றவாக்கில் சீட்டுகளை டப்பாவில் போட்டுக்கொண்டிருப்பார். முதலில் பார்க்க வந்தவர்கள் சலித்துப்போனார்கள். ஆனால் சலித்தவர்களே திரும்ப மேசையைச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். டப்பா நன்றாக ஆடியது! தானாக எதையும் இழக்கவில்லை. செந்தில்வேல் ஒரு குதிரையைக் கோட்டைவிட்டார், டப்பா அதைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு சிப்பாய். வக்கீல் கேலியை நிறுத்திக்கொண்டு பலகையைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசி ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கிரேசி அவரைக் கிணற்றடியில் உட்கார வைத்து எலுமிச்சம்பழத் தோலால் முதுகைத் தேய்த்துவிட்டாள். வீட்டில் இருந்த பவுடர் முழுவதையும் கழுத்தில் கொட்டினாள்.

"இன்னைக்கு அந்த நாற்காலியில உக்காந்துட்டுத்தான் வரணும், ஆமா."

"மெட்ராஸுதான் முக்கியம் கிரேசி. நாற்காலி என்னத்துக்கு?"

"எனக்கு நாற்காலிதான் முக்கியம். ரெண்டு வருசமா ராத்திரி காலை அமுக்கிவிடுறது யாரு?"

அன்று பலகையில் நிலைமை இதுதான். செந்தில்வேலின் ராஜா தன் மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் கடைசி வரிசையில் அடைந்து கிடந்தார். அந்த வரிசைக்கு ஒரே காவல் மூலையில் நின்ற யானை. அம்புரோஸின் ராணியும், அவளுக்கு நேர் பின்னால் அவருடைய யானையும் ஒரே கோட்டில் நின்றார்கள். ராணி நேரே கடைசி வரிசைக்குப் போய் ராஜாவுக்குச் செக் கொடுத்தால் மூலை யானை அவளை வெட்டியே தீர வேண்டும். வெட்டினால் பின்னால் இருக்கிற யானை அந்த யானையை வெட்டும். ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. மேட், கதை முடிந்தது.

சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்தது. செந்தில்வேலுக்கே தெரிந்துவிட்டது, துண்டால் முகத்தைத் துடைத்தார். அம்புரோஸும் பார்த்தார். ஆழத்தில் மணலுக்குள் பெரிய சங்கு ஒன்றின் முதுகு தெரிந்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளுமோ அப்படி அடித்துக்கொண்டது.

சீட்டுகளை எழுதினார். ராணியின் சீட்டையும் எழுதினார். முதல் டப்பா. ராணியை யானை வெட்ட முடியுமா? முடியும். யானை ராணியைவிட மலிவா? மலிவு. சீட்டைப் பிடித்த கை டப்பாவுக்கு மேலேயே நின்றது.

அவர் அதை விடாமல் இருந்திருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? சீட்டுகளை எட்டிப் பார்க்கிற வழக்கத்தை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். சீட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு மற்றவற்றை மட்டும் போட்டுவிட்டு, ராணியை எடுத்து வைத்திருந்தால் நாற்காலி வந்திருக்கும், மெட்ராஸுக்கும் போயிருக்கும். ஆனால் போவது எது? அவர் சொன்ன டப்பா அல்ல, ஒரு பொய். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்த அன்றைக்கே அந்தப் பொய் விழுந்துவிடும். மூளையைக் கீழே விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுதான் மாடி ஏறியிருந்தார். கையை விரித்தார். சீட்டு உள்ளே விழுந்தது.

டப்பா சொன்னபடி ஓரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளினார்.

செந்தில்வேல் பெருமூச்சு விட்டு ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய் ஒன்றைத் தள்ளி, தப்பிக்க ஒரு ஜன்னலைத் திறந்துகொண்டார். அதன்பிறகு அம்புரோஸின் கையும் ஓடவில்லை, மனசும் ஓடவில்லை. டப்பா ஒவ்வொரு தியாகத்துக்கும் பயந்து பயந்து ஒதுங்கியது. வெளிச்சம் மங்குவதற்குள் ஆட்டம் தோற்றுப்போனது.

"ஏ அப்பா! மேட் கண்ணு முன்னால மல்லாந்து கிடந்ததே வே!" வக்கீல் மேசையைத் தட்டினார். "பச்சப்பிள்ளைகூடப் பாத்திருக்குமே!"

"நான் பாத்தேன் ஐயா" என்றார் அம்புரோஸ்.

அவ்வளவுதான். அறையே குலுங்கியது. எந்தச் செஸ் மன்றத்திலும் தோற்றவன் சொல்கிற முதல் வார்த்தை அதுதானே! நான் பார்த்தேன், நானும் பார்த்தேன். அதை எவனும் நம்பியதில்லை.

"மெய்யாலுமே பாத்தேன். டப்பாவுல விழுந்துட்டு. அதான்..." கிருபாநிதியின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொன்னது சரிதான். அந்த ஒரு டப்பாவை மட்டும் மாத்திட்டா..."

"ஒரு யோசனைக்கு ஒரு ஆட்டம்னு ஒத்துக்கிட்டீரு" என்றார் கிருபாநிதி. "முதல்ல ஆடப் படியும். நமக்கே வராததை மெஷினுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க?"

ஆட்டத்தைப் பற்றி அவர்கள் சொன்னது எதுவும் தப்பில்லை. டப்பா தப்புதான். ஆளைப் பற்றித்தான் அத்தனை பேரும் தப்பாக நினைத்தார்கள். அதைத் திருத்த அம்புரோஸுக்கு ஒரு வழியும் இல்லை.

அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாளிலிருந்து கொட்டகையில் அவர் வேறு ஆளாகிப்போனார். ஓட்டையில் விழுந்த சங்கைக் குனிந்து எடுத்தார். திருப்பினார், முகர்ந்தார், காதில் வைத்தார், அதுவும் செத்த காதில். வலம்புரி ஏதாவது சின்னதாக இருந்து விழுந்துபோயிருக்குமோ என்று ஒவ்வொன்றாகச் சுழியைப் பார்த்தார். லட்சத்தில் ஒன்று வலப்பக்கம் சுழிக்கும் என்பார்கள். அந்த ஒன்றை எந்த வருஷம் கடலில் எறிந்தோமோ என்று அவருக்குத் திகில் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து தண்ணீரில் கிடந்து விரல் வெளுத்து வந்த குளிகாரர்கள் ஈரத்தோடு வரிசையில் நின்றார்கள்.

"ஏலே அம்புரோஸு, விழுந்ததை என்னத்துக்குல முத்தம் கொடுத்துக்கிட்டு இருக்க? வீட்டுக்குப் போகாண்டாமா?"

"ஒரு நிமிசம், ஒரே நிமிசம்."

ஒரு சீசன் பொறுத்தார்கள். ஒரு வலம்புரியும் வரவில்லை. அதற்கடுத்த சீசனில் முக்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தான். அம்புரோஸை அழுகல் சங்கு கழுவுகிற தொட்டிக்கு அனுப்பினார்கள். ஊரில் அவர் உட்கார இருந்த ஒரே இடமும் போயிற்று. தொட்டியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுதான் வேலை. அந்த வாடையோடு மன்றத்துக்குப் போக அவருக்கே கூசியது. போகவில்லை. டப்பாக்களில் கிரேசி புளியும் வத்தலும் போட்டுவைத்தாள். சீட்டுகள் மழைக்காலத்தில் அடுப்புப் பற்றவைக்க ஆயிற்று.

எழுபத்தொன்பதில் ஒரு நாள் தெருவில் செந்தில்வேலைப் பார்த்தார். மூக்கைப் பிடிக்காமல் நின்று பேசிய மனுஷன் அவர் ஒருவர்தான்.

"ஓய் அம்புரோஸ்! சங்கதி தெரியுமா? கப்பல்காரன் ஒருத்தன் சிங்கப்பூர்ல இருந்து செஸ் மெஷின் கொண்டாந்து தந்தான். பொட்டி இவ்வளவுதான் இருக்கு. என்னையே ஜெயிச்சுட்டு, பாத்துக்கிடும்! வக்கீல் அதுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, எல்லாரும் கை தட்டி... வந்து பாரும் வே. உமக்குப் பிடிச்ச சாமான்லா."

ஞாயிற்றுக்கிழமை அம்புரோஸ் போனார். மாடி ஏறினார், வாசலுக்கு உள்ளே போகாமல் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் கிருபாநிதி. எதிரே, நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி, அதன்மேல் அந்தப் பெட்டி. சிவப்பு எழுத்து மினுங்கி மினுங்கி எரிந்தது. அதன் காய்களைச் சின்னப்பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி வக்கீலே நகர்த்திக்கொண்டிருந்தார்.

பலகையைப் பார்த்ததும் அம்புரோஸின் முதுகு நிமிர்ந்தது. பெட்டியின் ராணிக்கு வழி திறந்து கிடந்தது. கொடுத்தால் கிருபாநிதி வெட்டுவார், வெட்டினால் பின்னால் யானை, மேட். கிருபாநிதியும் அதைப் பார்த்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிவப்பு எழுத்து வெகுநேரம் மினுங்கியது. பிறகு நின்றது. பெட்டி ஓரத்தில் ஒரு சிப்பாயைத் தள்ளச் சொன்னது.

"விட்டுட்டே!" என்றார் வக்கீல். சிரிக்கவில்லை. பெட்டியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "பாவம், ராணியைக் கொடுக்க அதுக்கு மனசு வரல."

"இந்தச் சின்னப் பொட்டிக்கு இதுவே பெரிய காரியம்லா" என்றார் கிருபாநிதி. அவர் குரலில் அப்படி ஒரு கனிவை அம்புரோஸ் கேட்டதே இல்லை. "எல்லாத்தையும் பாக்க நேரம் எங்க இருக்கு? கொஞ்சத்தைக் கழிச்சுத்தான் ஆகணும். அதுல இது போயிருக்கும். பரவாயில்ல, கத்துக்கிடும். அடுத்த மெஷின்ல சரி பண்ணிருவான்."

அம்புரோஸ் கேட்கிற காதைத்தான் அந்தப் பக்கம் வைத்திருந்தார். ஒரு சொல் தவறாமல் கேட்டது. வாயைத் திறந்தார். என்ன சொல்ல? நான் பார்த்தேன் என்றா? மூடிக்கொண்டார். அவர் இறங்கிப்போனதை யாரும் கவனிக்கவில்லை. வாடை போனபிறகு யாரோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார்கள்.

வீட்டில் கிரேசி தட்டில் சோறு வைத்துக் கொடுத்தாள். "மெஷின் எப்படி ஆடுது?"

"என் டப்பா மாதிரியேதான்." கண்ணீர் சோற்றில் விழுந்தது, அதை அவர் மறைக்கவில்லை. "அதே தப்பு, கிரேசி. அதே ராணி. அது கத்துக்கிடுமாம்."

அவளுக்குச் செஸ் தெரியாது. ஆனாலும் புரிந்தது. மணையை இழுத்துப் போட்டு, "உக்காந்து சாப்பிடுங்க" என்றாள்.

சட்டையில் வாடை அடிக்கிறது, மணையில் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லி அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.